கொடுத்தவர்களைப் பாராட்டி

சமூகப் பணிக்குப் பணம் கொடுக்கும் பெரிய நிறுவனங்களையும் அறக்கட்டளைகளையும் மேடையில் பாராட்டுகிறவர்கள், கொடுத்த தொகையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சால்வை, நினைவுப் பரிசு, ஒரு புகைப்படம். அது போதாது. கொடுப்பதில் அவர்கள் காட்டும் நுணுக்கத்தை, முன்யோசனையை, கட்டுப்பாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சின்னச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். அதை மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே புரவலர்களே, இந்தப் பாராட்டு உங்களுக்கு. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் ரசீது இருக்கிறது.

முதலில் உங்கள் கண்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களும், அவர்களில் கல்லூரி வரை போய்வந்த மகள்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். நலவாரிய அட்டை வாங்கித் தருவது, வெயிலும் உப்பின் வெண்மையும் கெடுத்த கண்களைப் பரிசோதிக்க அழைத்துப் போவது, அம்மாக்கள் விடியுமுன் அளத்துக்குப் போய்விடும் வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிவிடுவது, மாலையில் படிக்க வைப்பது – இவைதான் அவர்களுடைய வேலை. அந்தச் சங்கம் உங்களுக்கு அனுப்பிய காலாண்டுக் கணக்கில் ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் என்று ஒரு வவுச்சர் இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் பில் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான வவுச்சர்களுக்கு நடுவே அந்த நாற்பது ரூபாயை உங்கள் நிதிப் பிரிவு கண்டுபிடித்தது. பயணம் செய்தவர் கையெழுத்து, பயணத்தின் நோக்கம், பயணத்தை அனுமதித்தவர் பெயர் எல்லாம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. பதில் போயிற்று. பதிலில் தேதி இல்லையென்று இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பொதுப் பணத்தை இவ்வளவு பொறுப்போடு பார்க்கிற கண்கள் நாட்டில் அதிகம் வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன்.

அதே கண்கள் அதே தாளில் 'கணக்காளர் சம்பளம்: இல்லை' என்ற வரியையும் பார்த்தன. கணக்கு ஒழுங்காக, கேட்ட நாளில், கேட்ட படிவத்தில் வருகிறது. அதை எழுதுகிறவள் எதைச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறாள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாத நாகரிகம் உங்களுக்கு உண்டு. நான் மேற்பார்வைதான். தினமும் கேஷ் புக் எழுதுவதும், ரசீதுகளை ஒட்டுவதும், ஐயாயிரத்துக்கு மேல் போன ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் சங்கத்தின் செயலாளர். பி.காம். முடித்த பெண். காலையில் அம்மாவோடு அளத்தில் கூலிக்கு நின்றுவிட்டு, மத்தியானத்துக்குமேல் வந்து உட்கார்ந்து எழுதுகிறாள்.

அடுத்தது உங்கள் கட்டுப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தையே மிஞ்சிய கட்டுப்பாடு இது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வந்தது. விதியை நிதானமாகப் படித்தால், அது கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொதுச் செலவுக்கு வைத்த வரம்பு என்பது விளங்கும். ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு இதில் சேராது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது.

ஆனால் உங்கள் ஒழுக்கம் சட்டம் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுவிடவில்லை. கம்பெனிக்கு வைத்த வரம்பை, கம்பெனியிடம் பணம் வாங்கும் சங்கத்துக்கும் நீங்களே நீட்டித்துக்கொண்டீர்கள். உங்கள் படிவத்தில் 'ஓவர்ஹெட் – அதிகபட்சம் 5%' என்று அச்சாகவே வருகிறது. அறை வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் கட்டணம், கணினி, இணையம், செயலாளருக்குச் சம்பளம் எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை அமைப்பு இந்தியத் தொண்டு நிறுவனங்களின் செலவுகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறைமுகச் செலவு நிறுவனத்துக்கு நிறுவனம் 5 முதல் 51 சதவீதம் வரை வேறுபடுகிறது, நடுவான அளவு 19 என்று அது கண்டது. அந்த அறிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. கருத்தரங்குகளில் அதை மேற்கோள் காட்டிப் பேசுகிறீர்கள். தெரிந்த பிறகும் ஐந்தில் உறுதியாக நிற்பதற்கு மனத்திடம் வேண்டும்.

திறன் வளர்ப்பில் உங்களுக்கு இருக்கும் ஆர்வத்தை ஊரே அறியும். இளம் அமைப்புகள் வளர வேண்டும், அவற்றுக்கு நிர்வாகம் தெரிய வேண்டும் என்று நீங்கள் உண்மையாகவே விரும்புகிறீர்கள். அதற்காகச் சென்னையில் பயிற்சி முகாம் நடத்தினீர்கள். குளிர்பதன அறை, நல்ல சாப்பாடு, நல்ல பயிற்சியாளர்கள். கேலிக்குச் சொல்லவில்லை, அந்தப் பயிற்சியாளர்களில் ஒருவர் கற்றுக்கொடுத்த பட்ஜெட் முறையைத்தான் சங்கம் இன்றைக்கும் பின்பற்றுகிறது. லாஜிக்கல் ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன, ஒரு செயலின் வெளியீடு எது, விளைவு எது, தாக்கம் எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குச் செயலாளர் தேறிவிட்டாள். நிதி திரட்டும் திட்டம் எழுதவும் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, இவ்வளவும் படிச்சாச்சு. இதையெல்லாம் செய்யுதுக்கு ஒரு ஆளு வேணும்லா? அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்புல போட?"

அந்தத் தலைப்பு உங்கள் படிவத்தில் இல்லை. பயிற்சிக்குத் தலைப்பு இருக்கிறது. பயிற்சி பெற்றவர் மறுநாள் வேலைக்கு வருவதற்குத் தலைப்பு இல்லை. நீங்கள் திறனை வளர்க்கிறீர்கள். அது எந்த உடம்பில் தங்குகிறதோ அதைத் தொடாமல் வளர்க்கிறீர்கள். அந்த முகாமில் பயிற்சி பெற்ற இன்னொரு பெண் இப்போது தனியார் மருத்துவமனை ஒன்றில் பில்லிங் பிரிவில் இருக்கிறாள். நீங்கள் கற்றுக்கொடுத்த எக்செல் அவளுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது. இதையும் உங்கள் சாதனைகளில் சேர்க்கத்தான் வேண்டும். ஒரு குடும்பம் பிழைத்திருக்கிறது. சங்கம்தான் நலவாரிய மனு எழுதத் தெரிந்த ஒரே ஆளை இழந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

காலம் தவறாமையைச் சொல்லாவிட்டால் பாராட்டு நிறையாது. உங்கள் ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அந்தத் தேதியை நீங்கள் ஒருபோதும் தவறவிட்டதில்லை. ஏப்ரலில் பேசத் தொடங்கிய ஒப்பந்தம், குழு, துணைக்குழு, சட்டப் பிரிவு, ஒப்புதல் என்று வளர்ந்து, முதல் தவணை கைக்கு வரும்போது பெரும்பாலும் தை பிறந்திருக்கும். அதன்பிறகு மார்ச் 31-க்குள் எல்லாப் பணமும் செலவாகி, எல்லாப் பயிற்சியும் முடிந்து, யுசி என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஆடிட்டர் முத்திரையோடு உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும்.

தூத்துக்குடி உப்பளத்துக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை, மாசியில் அளத்தைச் சீர்செய்கிறார்கள். சேற்றை வாரி, பாத்தி மிதித்து, வரப்புக் கட்டி, நீர் பாய்ச்சுகிறார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் உச்சம். ஐப்பசி மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். மழைக்கால மாதங்களில் கூலி இல்லை. அரசு கொடுக்கும் நிவாரணத் தொகையும் வட்டிக் கடனும்தான். அந்த மாதங்களில் பெண்களுக்கு நேரம் இருக்கிறது, கற்க மனமும் இருக்கிறது. சங்கத்திடம் அப்போது பணம் இருக்காது. பணம் வந்து சேரும்போது பெண்கள் பாத்தியில் நிற்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் செயலாளர் கெஞ்சுகிறாள். இலக்கு எண்ணிக்கை நிறைவதற்காக, கூலியை இழந்து வந்து உட்காருகிறார்கள். விடியுமுன் எழுந்த களைப்பில் பாதிப் பேர் கண் சொருகிப்போகும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து முழுதாக இருக்கிறது. மார்ச் 31 காப்பாற்றப்படுகிறது.

பல ஆண்டுத் திட்டங்களுக்கு அந்த சிஎஸ்ஆர் விதிகளிலேயே இடம் உண்டு. தொடரும் திட்டம் என்று அறிவித்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். செலவாகாத தொகையை அதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் நிறுவனம் வேறு இடங்களில் கட்டடங்களுக்கு இதைப் பயன்படுத்துவதையும் உங்கள் ஆண்டறிக்கையில் படித்தேன். கட்டடம் எழும்ப ஒரு வருடம் போதாது என்பதை மிகச் சரியாகக் கணித்திருக்கிறீர்கள்.

மழையைப் பற்றிப் பேசும்போது 2023 டிசம்பரைச் சொல்லாமல் போக முடியாது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் நின்றது. தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டன. உப்பளங்கள் கரைந்து ஒரே சேறாயின. அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு நீரோடு போயிற்று. அப்போது எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார் என்று தெரிந்திருந்தவர்கள் சங்கத்துப் பெண்கள்தான். வெளியிலிருந்து யாரும் வந்து சேருவதற்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் அவர்கள் போய்விட்டார்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கில் அன்று, வழக்கத்துக்கு மாறாக, பணம் இருந்தது. அது 'தலைமைத்துவப் பயிற்சி' என்ற தலைப்பில் வந்த பணம். அதை எடுத்து அரிசியும் குளோரின் மாத்திரையும் வாங்க உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. செயலாளர் மின்சாரம் இருந்த ஒரு வீட்டைத் தேடிப்போய் போனைச் சார்ஜ் செய்து அனுமதி கேட்டு எழுதினாள்.

அனுமதி வந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். வார விடுமுறை, ஆண்டு இறுதி விடுப்பு எல்லாவற்றையும் தாண்டி, முறையான கடிதத் தாளில், கையெழுத்தோடு வந்தது. அதற்குள் வீடுகளில் தண்ணீர் வடிந்திருந்தது. உங்கள் நிவாரணப் பெட்டிகளும் வந்தன. அவற்றில் போர்வை இருந்தது, பிஸ்கட் இருந்தது, பெட்டியின் மேல் உங்கள் சின்னம் நனையாத மையில் அச்சாகியிருந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் அரிசி எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கையிருப்பு என்ற ஒன்றை எந்தச் சங்கமும் வைத்துக்கொள்ளாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதமும் கவனிக்கத்தக்கது. செலவாகாத பணம் திரும்ப வேண்டும். வங்கியில் கிடந்த நாட்களுக்கு அது ஈன்ற வட்டியும் திரும்ப வேண்டும். வட்டியைக் கணக்கிட்டு நான் காசோலை எழுதியிருக்கிறேன். சில சமயம் அந்தத் தொகை காசோலையை அனுப்பிய கூரியர் கட்டணத்துக்கே காணாது. கொள்கை என்று வந்துவிட்டால் தொகையின் அளவு உங்களுக்குப் பொருட்டில்லை. உங்கள் நிறுவனம் ஈவுத்தொகை கொடுத்ததுபோக மிஞ்சும் லாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதியாக ஒதுக்கி வைக்கிறது; அது நல்ல நிர்வாகம் என்று உங்கள் பங்குதாரர்கள் மெச்சுகிறார்கள், நானும் மெச்சுகிறேன். நல்ல நிர்வாகத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் அந்தப் பெண்ணைச் சென்னைக்கு அழைத்தீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் அரசு காட்டும் எச்சரிக்கையும் இதே பாதையில்தான் போகிறது. 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆயிற்று. பணம் பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்குக் கொடுப்பதும் அடியோடு தடுக்கப்பட்டது. பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, மீனவக் குப்பங்களிலும் மலைக் கிராமங்களிலும் இருக்கும் சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவந்த வாய்க்கால் அத்தோடு அடைபட்டது. உள்நாட்டில் உங்கள் சிஎஸ்ஆர் விதியிலும் ஒரு நிபந்தனை: திட்டத்தை நடத்தும் அமைப்புக்கு அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். நியாயமான எச்சரிக்கை. அந்த மூன்று ஆண்டையும் எதைச் சாப்பிட்டு ஓட்டுவது என்பதை மட்டும் விதி அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டிருக்கிறது.

இப்போது உங்கள் முன்யோசனைக்கு வருகிறேன். எல்லாப் புரவலர்களும் முதல் சந்திப்பிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நாங்கள் விலகிய பிறகு எப்படி நிற்பீர்கள்?" முதல் ரூபாய் வருமுன்பே கடைசி ரூபாயைப் பற்றி யோசிக்கிற தொலைநோக்கு இது. கேள்வியும் சரியான கேள்விதான். யார் தயவும் இல்லாமல் நிற்கும் சங்கம்தான் சங்கம். அதில் எனக்கு உங்களோடு கருத்து வேற்றுமையே இல்லை.

நின்று காட்டியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார். கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் இறக்குமதி விலை கட்டுப்படியாகாதபோது, 1992-இல் அரோலேப் என்று சொந்தத் தொழிற்கூடமே அமைத்தார்கள். அதற்குத் தொழில்நுட்பம் கொண்டுவர சேவா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உடன் நின்றது. இத்தனை முகாம், இத்தனை பயனாளிகள் என்று எண்ணாமல், ஒரு தொழிற்கூடத்தை எழுப்பும் ஆற்றலுக்குத் தோள்கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1974-இல், பெயரில் மட்டும் ஒத்த சேவா வங்கி, சாலையோரம் காய் விற்றவர்களும் கந்தல் பொறுக்கியவர்களுமாக 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுத் தொடங்கியது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-இல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, பிற வங்கிகளை நம்பியிருக்க முடியாதென்று கண்டு 1981-இல் தனக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்தது. இவற்றில் எதுவும் 12 மாதத்தில் நிற்கவில்லை. எதுவும் மெழுகுவத்தி செய்து நிற்கவில்லை.

மெழுகுவத்தியை ஏன் சொல்கிறேன் என்றால், நிலைத்த வருமானத்துக்கு உங்கள் திட்ட அலுவலர் பரிவோடு பரிந்துரைத்தவை அவைதான்: மெழுகுவத்தி, பினாயில், பேப்பர் தட்டு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் தூத்துக்குடிக்குத்தான் பெரும்பங்கு. அந்த உப்பை வாரிக் குவித்த கைகள் இவர்களுடையவை. நீரின் நிறத்தைப் பார்த்து எத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று சொல்கிறவர்கள். அவர்கள் உங்கள் முன் வைத்த யோசனை வேறு: கொஞ்சம் அளத்தைக் குத்தகைக்கு எடுத்து, தாங்களே உப்பு விளைத்து, தாங்களே விற்பது. குத்தகைப் பணம், மோட்டார், பாத்திச் சீரமைப்பு, முதல் பருவம் பொய்த்தால் இரண்டாவது பருவம் வரை தாக்குப்பிடிக்க ஒரு தொகை. மூன்று பருவம் தாண்டினால் சங்கத்து வாடகையும் ஒரு முழுநேர ஆளின் சம்பளமும் உப்பிலிருந்தே வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கை நான் சரிபார்த்தேன். நல்ல கணக்கு. 'மூலதனச் சொத்துக்கு எங்கள் கொள்கையில் இடமில்லை' என்று பதில் வந்தது.

2021 விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் மூலதனச் சொத்தைப் பயனாளிகளே சுயஉதவிக் குழுவாகவோ கூட்டாகவோ வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. சட்டம் திறந்து வைத்த கதவு அது. ஐந்து சதவீதத்தில் சட்டத்தைத் தாண்டி நின்ற நீங்கள், இங்கே சட்டத்துக்குப் பல அடி முன்னதாகவே நின்றுகொண்டீர்கள். இரண்டு இடத்திலும் எல்லை உங்களுடையது, நஷ்டம் அவர்களுடையது.

இப்படித்தான் கொடுக்க முடியும் என்றில்லை. 2021-இல் அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் உலகெங்கும் பல அமைப்புகளுக்கு, நம் நாட்டுத் தொண்டு நிறுவனமான கூஞ்ச் உட்பட, எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கட்டளையிடாமல் பணம் கொடுத்தார். அதே ஆண்டில் எடல்கிவ் அறக்கட்டளை முன்னின்று, பிற புரவலர்களையும் சேர்த்துக்கொண்டு, 100 அடித்தள அமைப்புகளுக்கு 24 மாத ஆதரவு என்று குரோ நிதியைத் தொடங்கியது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் நிர்வாகத்துக்கும்தான் அந்தப் பணம். நம்பிக்கை அடிப்படையிலான நன்கொடை பற்றி நீங்களும் மேடையில் பேசியிருக்கிறீர்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பேச்சின் ஒளிப்பதிவைச் சங்கத்துப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு அம்மா, "நல்லாத்தான் பேசுதாவ. நம்ம பாரத்தையும் இவியளே எழுதியிருக்கப்பிடாதா?" என்றார்.

அந்த அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சங்கத்தின் பொருளாளர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கூட்டல் கழித்தலில் என்னைத் திருத்துவார். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் இருபது ரூபாய் சந்தா கொடுக்கிறார்கள். மழைக்காலத்தில் கொடுக்க முடியாதவர்கள் மாசியில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்குத் தலைப்பு கிடையாது, காலாண்டு அறிக்கை கிடையாது, மார்ச் 31 கிடையாது. மாதக் கூட்டத்தில் பொருளாளர் வாய்விட்டுக் கணக்குச் சொல்வார், கேள்வி வரும், பதில் சொல்வார். அவ்வளவுதான். 2023 டிசம்பரில் அரிசி அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. சங்கத்தின் அறை வாடகை அதிலிருந்துதான் போகிறது. உங்கள் ஐந்து சதவீதத்துக்குள் அடங்காமல் மிஞ்சும் ஆடிட்டர் கட்டணமும் அதிலிருந்துதான். உங்கள் அறிக்கையைத் தட்டச்சு செய்யும் கணினி அதில் தவணைக்கு வாங்கியது. நாற்பது ரூபாய் ஆட்டோவுக்கு விளக்கம் எழுதி அனுப்பிய இரவில் எரிந்த விளக்குக்கும் மின்கட்டணம் கட்டியவர்கள் அவர்கள்.

அதாவது, ஆண்டுக்குக் கோடிகளில் லாபம் ஈட்டும் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் திட்டத்தை, உப்பளக் கூலிப் பெண்கள் மாதாமாதம் மானியம் கொடுத்து நடத்தி வருகிறார்கள். உங்கள் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர்கள், கூட்டாளிகள் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அச்சிடுகிறீர்கள். யாருடைய பெயரும் அதில் விடுபட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பட்ஜெட் படிவத்தின் கடைசியில் 'இணை நிதியளிப்போர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை காலமும் சங்கம் அதில் 'இல்லை' என்று எழுதி வந்தது. இந்த ஆண்டு உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயரையும், அவரவர் கொடுத்த சந்தாவையும், அது உங்கள் திட்டத்தின் எந்தச் செலவுக்குப் போயிற்று என்பதையும் இணைப்பாக வைத்து அனுப்புகிறோம். ரசீது எல்லாவற்றுக்கும் இருக்கிறது. நிதிப் பிரிவுக்குச் சந்தேகம் வந்தால் எழுதட்டும், பொருளாளர் பதில் சொல்வார். அத்தோடு உப்புக் குத்தகைத் திட்டமும் மறுபடி வருகிறது, அதே கணக்கோடு, செயலாளரின் சம்பளம் என்ற வரியை முதல் வரியாக வைத்து.